முட்டை வாங்கியவர்களின் தாள்கள்

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பரண் அக்கா என்று பெயர். பழைய பாடங்களைத் தூக்கிப் பரணில் போடுவது அவள் வேலை. பாடத்தளத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கூடு திறப்பார்கள். காணொளி, வீட்டுப்பாடம், மதிப்பெண் எல்லாம் அதற்குள் போகும். பருவம் முடிந்ததும் ஆசிரியர்கள் கூட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பதினான்கு வருடத்தில் அப்படிச் சேர்ந்தவை ஒன்பதாயிரத்துச் சொச்சம். தளம் மூச்சு வாங்கியது. ஒரு தேர்வுத்தாள் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

மூன்று மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு அவள்தான் வழி கண்டுபிடித்தாள். மூன்று வருடத்துக்கு மேல் பழைய கூடுகள் எல்லாம் பரணுக்கு. மாணவர் ஒருவர்கூட இல்லாத கூடுகள் குப்பைக்கு. ஆசிரியர்கள் சும்மா பழகிப் பார்க்கத் திறந்த வெற்றுக் கூடுகளே இரண்டாயிரம் இருந்தன, அவற்றைப் பரணேற்றி என்ன செய்வது? மாணவர் எண்ணிக்கை பூஜ்யம் என்றால் அழி. மூன்றே வரி விதி. அந்த மூன்று வரியைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தளத்தை நடத்தும் வெளி நிறுவனத்தின் இயந்திரம் அந்த விதிப்படி வேலையைத் தொடங்கும். தொடங்கிவிட்டால் யார் கத்தினாலும் நிற்காது. குப்பைக்குப் போனது போனதுதான். பரணுக்குப் போவது மூட்டை கட்டி முத்திரை வைக்கப்பட்டு, மூன்று வாரம் கழித்துத்தான் படிக்கக் கிடைக்கும்.

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்குக் காத்திருப்பவளைப் போல நிமிடத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பதினான்குக்குக் கைபேசி அடித்தது. அண்ணி.

"ஏம்மா, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்க அண்ணி. சீக்கிரம் சொல்லுங்க."

"உங்க அண்ணன் இன்னைக்கு மூணு மணிக்குக் கட்டடக் குழு முன்னாடி மன்னிப்புக் கடிதம் குடுக்கப் போறார். ராத்திரி பூரா உக்காந்து எழுதியிருக்கார். நாலு தடவை கிழிச்சாச்சு."

அண்ணன் அதே பல்கலைக்கழகத்தில் நில அளவைப் பயிற்றுநர். போன மாதம் உயர வித்தியாசம் அளக்கும் ஒரு மட்டக் கருவியைச் சோதித்துப் பார்க்க நூலகம் பக்கம் போனவர், நூலகத்தின் கிழக்கு மூலை முப்பத்தொரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதிவிட்டார். நாளைக்கு அந்த மூலையில்தான் தண்டவாளத்தில் ஓடும் புது இரும்பு அலமாரிகள், புத்தகத்தோடு நாற்பது டன், ஏறப்போகின்றன. கட்டடப் பொறியாளர் ஒரே போடாகப் போட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் கணினிக் கட்டடத்து நடைபாதையைப் புதுப்பித்தபோது, அந்தக் கட்டடத்து அடித்தளத்தில் உயரம் அளக்கத் தொடக்கப் புள்ளியாகப் பதித்திருந்த பித்தளைக் குமிழைக் கழற்றித் திரும்பப் பதித்தார்கள். அண்ணன் அளப்பது அந்தக் குமிழிலிருந்துதான். குமிழ் மேலே ஏறியிருக்கிறது, நூலகம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வீணாகப் பீதி கிளப்பியதற்குப் பயிற்றுநர் எழுத்தில் மன்னிப்புக் கேட்கட்டும், இல்லாவிட்டால் ஆய்வகப் பொறுப்பை விடட்டும் என்றார்.

"நடைபாதை வேலைக்கு முன்னாடியே பசங்க வருஷா வருஷம் அளந்திருக்காங்களாமே?" என்றாள் அண்ணி. "பதினோரு வருஷத் தாளும் உங்க தளத்துலதான் கிடக்காம். அதைக் காட்டினா போதும்னு தூக்கத்துல பொலம்புறார். உன்கிட்ட கேளுங்கன்னா, கேக்க மாட்டேங்கிறார். அண்ணனும் தங்கச்சியும் இப்படி இருந்தா நான் என்னதான் பண்றது?"

அவர்கள் இப்படி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

அவள் அண்ணனின் கூடுகளைப் பரண் பட்டியலில் தேடினாள். இல்லை. திரும்பத் தேடினாள். குப்பைப் பட்டியலைத் திறந்தாள். நில அளவை, செய்முறை. ஒன்று, இரண்டு, மூன்று... இருபத்திரண்டு கூடு. மாணவர் எண்ணிக்கை பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அண்ணனின் சுத்தம்! ஒவ்வொரு பருவம் முடிந்ததும் மனிதர் உட்கார்ந்து மாணவர் பெயரை ஒவ்வொன்றாக நீக்குவார். வருடா வருடம் அதே பயிற்சி, அதே குமிழ், அதே நூலகம். பழைய மாணவன் உள்ளே வந்தால் தன் தாளை எடுத்து அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவான் என்று பயம். பதினோரு வருடம் ஒரு பருவம்கூடத் தவறாமல் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறார். ஆளை நீக்கினாலும் தாள் உள்ளேதான் மறைந்து கிடக்கும், ஆளைத் திரும்பச் சேர்த்தால் தாளும் திரும்ப வரும். ஆனால் அவளுடைய மூன்று வரி விதிக்குத் தாள் தெரியாது, தலைதான் தெரியும்.

"ரீஸ்டார்ட் சார்!" என்று கத்தினாள்.

எதிர் மேசையில் உதவித் தொலைபேசி எடுப்பவர் நிமிர்ந்தார். யார் எதைச் சொல்லி அழுதாலும் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க என்பார், அதனால் அந்தப் பெயர்.

"மொத்தமாச் சேர்க்கிற வசதியைத் திறக்கணும். இருபத்திரண்டு கூட்டுல ஆள் ஏத்தணும்."

"நீங்கதானே காலையில பூட்டினீங்க? இயக்குநர் கையெழுத்து இல்லாம யாரும் தொடக் கூடாதுன்னு நீங்கதானே எல்லாருக்கும் கடிதம் போட்டீங்க?"

"இயக்குநர் எங்க?"

"விமானத்துல."

அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். சரி, ஒவ்வொன்றாகக் கையால் சேர்ப்பது பூட்டப்படவில்லை. ஒரு கூட்டில் ஒரே ஒரு தலை இருந்தால் போதும், அது பரணுக்குப் போய்விடும். யாரைச் சேர்ப்பது? கையில் இருக்கிற ஒரே ஆளை. தன்னையே. முதல் கூட்டைத் திறந்தாள், தன் பெயரைத் தட்டினாள், மாணவி என்று தேர்ந்தெடுத்தாள், சேர் என்று அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. ஊரே இன்றைக்குத்தான் பழைய பாடத்தைத் தன் தன் கணினிக்கு இறக்கிக்கொண்டிருந்தது. சேர்ந்துவிட்டது! இரண்டாவது. மூன்றாவது. சுற்றுகிற நேரத்தில் அண்ணனை அழைத்தாள்.

"அண்ணா, ஓடி வா. உன் தாளெல்லாம் பன்னெண்டு மணிக்குக் குப்பைக்குப் போகுது."

"என்னது?"

"வந்து திட்டு. இப்ப ஓடி வா."

ஒன்பதாவது கூட்டில் திரை ஒரு புது வரியைக் காட்டியது. இந்தப் பயனரின் பழைய மதிப்பெண் மீட்கப்பட்டது. பயிற்சி நான்கு: 0.

அவள் முகத்தைச் சுளித்தாள். காரணத்தைப் பிறகு பார்ப்போம் என்றது இதுதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவளும் மதிய இடைவேளையில் அந்தப் பாடம் படித்தாள். கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்பது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நான்காவது பயிற்சியன்று குமிழ் முன்னால் எட்டுக் குழு வரிசையில் நின்றது. அவளுக்கு இருந்தது நாற்பது நிமிடம். வாயில் கேட்டின் கல்தூணில் பதித்த இரும்புக் கொண்டியிலிருந்து அளந்து, கணக்குப் போட்டு, தாளை ஏற்றிவிட்டு மேசைக்கு ஓடி வந்துவிட்டாள். அண்ணன் முட்டை போட்டார். "தொடக்கமே தவறு" என்று ஒரு வரி. சொந்தத் தங்கைக்கு! வீட்டில் சாப்பிடும்போது, "இதுக்கெல்லாம் பொறுமை வேணும், உனக்குச் சரிப்படாது" என்றும் சொன்னார். அவள் அன்றைக்கே பாடத்தை விட்டாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வார்கள், உப்பு இருக்கிறதா, பஸ் வந்ததா என்கிற அளவுக்கு.

பதினொன்று முப்பத்தாறுக்கு இருபத்திரண்டாவது கூட்டிலும் அவள் பெயர் ஏறியது. குப்பைப் பட்டியலைப் புதுப்பித்துப் பார்த்தாள். நில அளவை என்று ஒரு வரிகூட இல்லை. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து ரீஸ்டார்ட் சார் தோளில் ஒரு அடி வைத்தாள். அவர் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

அண்ணன் மூச்சிரைக்க உள்ளே வந்தார். சட்டைப் பையில் மடித்த மன்னிப்புக் கடிதம் துருத்திக்கொண்டிருந்தது.

"காப்பாத்தியாச்சு. ஆனா பரணுக்குப் போனா மூணு வாரம் திறக்க முடியாது. உனக்கு மூணு மணிக்கு வேணும். இப்பவே இறக்கணும். உன் நல்ல பசங்க பேர் சொல்லு, திரும்பச் சேர்த்தா தாள் வரும்."

அண்ணனுக்குப் பெயர் எல்லாம் மனப்பாடம். முதல் வருடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவனைச் சேர்த்தார்கள். தாள் வந்தது. குமிழிலிருந்து நூலகத்தின் கிழக்கு மூலைச் சுவரில் தீட்டிய சிவப்புக் கோடு வரை உயரம்: 412 மில்லிமீட்டர்.

"அதேதான்!" என்றார் அண்ணன். "நான் முதல்ல அளந்ததும் 412. நான் முறையைப் பார்த்துத்தான் மார்க் போடுவேன், எண்ணெல்லாம் ஞாபகமில்லை. அடுத்த வருஷம் எடு."

412.

ஐந்தாம் வருடம், 412. எட்டாம் வருடம், 412. பதினொன்றாம் வருடம், நடைபாதை வேலைக்கு ஒரு மாதம் முன்னால், 412.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "பொறியாளர் சொன்னதுதான் சரி. வேலை நடக்கிற வரைக்கும் ஒரு மில்லிகூட இறங்கலை. குமிழ்தான் ஏறியிருக்கு." சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பரவாயில்லை. கடிதம் எழுதினது வீணாகலை."

நேரம் பதினொன்று நாற்பத்து மூன்று. அவள் திரையை முறைத்துப் பார்த்தாள். பதினோரு வருடம், வேறு வேறு கை, வேறு வேறு கண், வெயில், மழை, கோணலாக நின்ற அளவுகோல். ஒருவனுக்காவது 411 வரக் கூடாதா? ஒருத்திக்காவது 414?

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது.

"அண்ணா. மட்டக் கருவி வைக்கிற மரப்பெட்டி இருக்குல்ல? அதோட மூடியை எப்பவாவது உள்பக்கமாப் பார்த்திருக்கியா?"

"அதுல என்ன பார்க்கிறதுக்கு இருக்கு?"

"412ன்னு ஆணியால கீறியிருக்கும். நான் படிச்சப்பவே இருந்துச்சு. எனக்கு முன்னாடி யாரோ கீறினது. நீ தளத்தைத் துடைச்சுத் துடைச்சு வச்சே. விடையை நீயேதான் பெட்டியோட தூக்கி ஒவ்வொருத்தன் கையிலயும் குடுத்தே."

அண்ணன் திரையில் அந்த எண்களை இன்னொரு முறை பார்த்தார்.

"இதெல்லாம் அளந்த எண் இல்லை, சமைச்ச எண்," என்றாள் அவள். குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. "விடை தெரிஞ்சவன் எதுக்கு வெயில்ல நிக்கிறான்? விடை தெரியாதவன்தானே நிஜமா அளந்திருப்பான்! குமிழ்ல ஆரம்பிக்காதவன்! கேட்டுல ஆரம்பிச்சவன்! கேட்டுல இருந்து எவ்வளவுன்னு எந்தப் பெட்டியிலயும் எழுதலையே. நீ யாருக்கெல்லாம் முட்டை போட்டியோ, அவங்க தாள்தான் அண்ணா வேணும்!"

அவள் ஒன்பதாவது கூட்டைத் திறந்து தன்னுடைய தாளைக் காட்டினாள். கேட்டுக் கொண்டியிலிருந்து சிவப்புக் கோடு வரை: 651. கீழே அண்ணனின் குறிப்பு. தொடக்கமே தவறு.

ரீஸ்டார்ட் சார் சட்டைக் கறையை மறந்து எழுந்து வந்தார்.

மதிப்பெண் வரலாற்றில் தேடுவதற்கு அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பயிற்சி நான்கு, மதிப்பெண் பூஜ்யம், தாள் ஏற்றியவர் மட்டும். பத்தொன்பது பெயர் வந்தது. பருவத்துக்கு ஒருவர் என்பது போல. கேட்டுக்கு அருகில் மரநிழல் இருந்தது, குமிழுக்கு அருகில் சாக்கடை இருந்தது, பத்தொன்பது பேருக்கு அந்த வித்தியாசம் போதுமானதாக இருந்திருக்கிறது. பதினொன்று நாற்பத்தெட்டு. ஒரு ஆளைச் சேர்த்து, தாளைத் திறந்து, இறக்க முப்பத்தைந்து நொடி.

"சார், பலகையில எழுதுங்க. அண்ணா, நீ படி. நான் தட்டுறேன்."

"முதல் பருவம்," என்று அண்ணன் படித்தார். "கேட்டுல இருந்து... 655."

"655," என்று எழுதினார் ரீஸ்டார்ட் சார்.

"மூணாவது பருவம். 654. இவன் என்கிட்ட அழுதான், ஒரு மார்க்காவது போடுங்கன்னு."

"அழுததெல்லாம் எழுத வேண்டாம்ல?"

"ஆறாவது பருவம். 652. ஒன்பதாவது, உன்னோடது, 651. பதினொண்ணு... 648."

அண்ணனின் குரல் மாறியது. படிக்கப் படிக்க எழுந்து நின்றுவிட்டார். 645. 643. 644. "இவன் அளவுகோலைச் சாய்ச்சுப் பிடிச்சிருப்பான், ஒரு மில்லி கூட வரும், கழுதை!" என்றார், அந்தக் கழுதையைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் மாதிரி. 640. 637. பலகையில் எண்கள் படி இறங்குவதை மூவரும் கண்ணால் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாத பத்தொன்பது பேர், ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் என்று, ஒரு கட்டடம் இறங்குவதைப் பதினோரு வருடமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசி ஆள், நடைபாதை வேலைக்கு முந்தைய மாதம்: 632.

"இறங்கியிருக்கு," என்றார் அண்ணன். "வேலைக்கு முன்னாடியே இருபத்துமூணு மில்லி இறங்கியிருக்கு!"

பத்தொன்பதாவது தாள் இறங்கி முடிந்தபோது பதினொன்று ஐம்பத்தெட்டு. அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு அடித்ததும் திரை சாம்பல் நிறமாகியது. வேலை தொடங்கியது. மூன்று மாதம் காத்திருந்த அந்த நிமிடத்தை அவள் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனும் தங்கையும் மட்டக் கருவியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கேட்டுக் கொண்டியிலிருந்து அண்ணன் அளந்தார். அவள் சிவப்புக் கோட்டில் அளவுகோலைப் பிடித்து நின்றாள். நேராகப் பிடி என்று அவர் சொல்லவேயில்லை, அவள் நேராகத்தான் பிடித்திருந்தாள். 625. இரண்டு முறை அளந்தார்கள். 625.

மூன்று மணிக்குக் குழு அறையில் பொறியாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பத்தொன்பது தாளையும் பார்த்தார். பெயர்களை அவள் மறைத்திருந்தாள். எந்தத் தாள் எந்த நாள் எத்தனை மணிக்கு ஏறியது என்று தளம் பதித்த முத்திரையை மட்டும் காட்டி, யாரும் திருத்த முடியாது என்று சொன்னாள்.

"இது யார் அளந்தது?" என்றார் பொறியாளர்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "என் பாடத்துல முட்டை வாங்கினவங்க. நான்தான் போட்டேன். முழு மார்க் வாங்கினவங்க தாளையும் கொண்டு வந்திருக்கேன், அது எல்லாத்திலயும் 412. அது எல்லாம் காப்பி. அதையும் நான்தான் சரின்னு போட்டேன்."

அறையில் ஒருவர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. "குமிழ்ல இருந்து பார்த்தா முப்பத்தொண்ணு. குமிழையே தொடாத கேட்டுல இருந்து பார்த்தா முப்பது. குமிழ் ஏறலை சார். நூலகம் இறங்குது."

"அந்த ஒரு மில்லி?" என்றார் பொறியாளர்.

"அது என் வயசு சார். கண்ணு."

பொறியாளர் தாள்களை இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்தார். பிடிவாதக்காரர்தான், ஆனால் எண்ணைப் படிக்கத் தெரிந்தவர். கைபேசியை எடுத்து, அலமாரி லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். பிறகு நூலகத்துக்கு அழைத்து, கிழக்கு மூலையில் படித்துக்கொண்டிருப்பவர்களை மேற்குப் பக்கம் மாற்றச் சொன்னார். இப்பவே, என்றார். ஐந்து நிமிடத்தில் ஜன்னல் வழியாக அது தெரிந்தது. மாணவர்கள் புத்தகத்தையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் முணுமுணுத்துக்கொண்டு, அந்த மூலையை விட்டு வெளியே வந்தார்கள். அவள் ஒவ்வொருவராக எண்ணினாள். முப்பத்தேழு பேர்.

மாலையில் அண்ணன் அவள் மேசைக்கு வந்தார். மன்னிப்புக் கடிதம் இன்னும் பையில்தான் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதை யார்கிட்ட குடுக்கணும்னு இப்பத்தான் தெரியுது," என்றார்.

அவள் பிரித்துப் படித்தாள். என்னுடைய அவசரத்தால் ஏற்பட்ட தவறுக்கு வருந்துகிறேன் என்று இருந்தது. பெறுநர் இடத்தில் குழுத் தலைவர் என்பதை அடித்துவிட்டு, என் தங்கைக்கு என்று எழுதியிருந்தார்.

"அந்த முட்டையை மாத்திடலாம். ஒன்பதாவது கூட்டைத் திற."

"திறக்க முடியாது. முத்திரை வச்சாச்சு. பரண்ல உன் இருபத்திரண்டு கூட்டிலயும் நான் இருக்கேன், ஒண்ணுல முட்டையோட."

"அது அப்படியே இருக்குமா?"

"இருக்கட்டும். நல்ல முட்டை."

அண்ணன் வாசல் வரை போய்த் திரும்பினார். "அந்த மூலையை இனிமே வாரா வாரம் அளந்து தரச் சொல்லியிருக்காங்க. எனக்குக் கண்ணு ஒரு மில்லி தப்புது. கருவியில நிக்க நிதானமான ஆள் வேணும். நாளைக்கு மதிய இடைவேளையில வர்றியா?"

அவள் கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

"வர்றேன். கேட்டுல இருந்துதான் ஆரம்பிப்பேன்."

"கேட்டுல இருந்தே ஆரம்பி," என்றார் அண்ணன்.